கெமிக்கல் லோடு கிளம்பும் முன்: டெஸ்பாட்ச் மேசைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

திருப்பூர் சாயப்பட்டறையிலிருந்து ஓர் ஆர்டர் வருகிறது. 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 40 கேன், கிளேசியல் அசிட்டிக் ஆசிட் 20 கேன், ஹைட்ரோஸ் 20 டிரம், காஸ்டிக் சோடா ஃப்ளேக்ஸ் 50 மூட்டை. நான்கும் தினமும் போகிற சரக்குதான். வாடகை மிச்சம் என்று ஒரே லாரியில் கேட்கிறார்கள். வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நீங்கள் இன்வாய்ஸ் போட உட்கார்ந்திருக்கிறீர்கள். அனுப்பலாமா?

அப்படியே அனுப்பக் கூடாது. தனித்தனியாக ஒழுங்காகப் போய்ச் சேரும் சரக்குகள், ஒன்றின் மேல் ஒன்று கசிந்தால் லாரியையே எரித்துவிடும். எது எதோடு சேரும் என்று சொல்ல வேண்டுமானால் ஒவ்வொன்றும் என்ன வகை என்று முதலில் தெரிய வேண்டும். வகை தப்பினால் அடுத்து ஒட்டுகிற லேபிள், எடுக்கிற கேன், டிரைவர் கையில் கொடுக்கிற அட்டை, விபத்து நடந்த இடத்தில் தீயணைப்பு வீரர் எடுக்கிற முடிவு எல்லாமே தப்பும். அதனால் வரிசையாகப் போவோம். கேன், டிரம், மூட்டையாகச் சாலையில் போகும் சரக்கைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். டேங்கர் தனி உலகம், அதைத் தேவையான இடத்தில் மட்டும் தொடுகிறேன்.

யாருடைய விதி

ஆபத்தான சரக்கை வகைப்படுத்த உலகம் முழுக்க அடிப்படையாக இருப்பது ஐ.நா. வெளியிடும் பரிந்துரைத் தொகுப்பு. அட்டையின் நிறத்தை வைத்து ஆரஞ்சுப் புத்தகம் என்பார்கள். முதல் பதிப்பு 1956-இல் வந்தது, இப்போது 2 ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். கப்பலுக்கான ஐ.எம்.டி.ஜி. கோடும் விமானத்துக்கான ஐயாட்டா விதிகளும் இதன் மேல் கட்டியவை.

நம் சாலைக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 129 முதல் 137 வரை உள்ள விதிகளை ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான். அனுப்புபவர், வண்டி உரிமையாளர், டிரைவர் என மூவருக்கும் தனித்தனியாகப் பொறுப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். “டிரான்ஸ்போர்ட்காரர் பார்த்துப்பார்” என்பது நம் ஆபீஸ்களில் அடிக்கடி கேட்கிற வாக்கியம். 131-ஆம் விதியைப் படித்தால் அது செல்லாது என்று புரியும். சரக்கு என்ன, அதில் என்ன ஆபத்து என்ற முழுத் தகவலையும் சரியாகத் தர வேண்டியவர் அனுப்புபவர். அதாவது நீங்கள்.

பெட்ரோலியம், கேஸ் சிலிண்டர், வெடிபொருள், அம்மோனியம் நைட்ரேட் ஆகியவற்றுக்கு மேற்கொண்டு தனி விதிகளும் லைசென்ஸும் உண்டு. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அதாவது மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, அவற்றைக் கவனிக்கிறது. ரசாயனக் கழிவுக்கு 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள், மேனிஃபெஸ்ட் படிவம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று வேறு பாதை. கழிவுதானே என்று சாதாரண எல்.ஆர். (லாரி ரசீது) போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

1. சரியான பெயர், சரியான சதவீதம்

கடைப்பெயரை வைத்து வகை பார்க்கக் கூடாது. ‘ஹைப்போ’ என்று ஒருவர் கேட்டால் அது சோடியம் தயோசல்ஃபேட்டாக இருக்கலாம், அதற்குப் போக்குவரத்தில் ஆபத்து வகை கிடையாது. சோடியம் ஹைப்போகுளோரைட்டாகவும் இருக்கலாம், அது அரிக்கும் பொருள், ஆசிட் பட்டால் குளோரின் வாயு வரும். ஹைட்ரோஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். ஐ.நா. பட்டியலில் அதற்கு சோடியம் டைதயோனைட் என்றும் பெயர் இருக்கும். இன்வாய்ஸில் பட்டியலில் உள்ள பெயரைப் போடுங்கள். கடைப்பெயர் வேண்டுமானால் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்தது சதவீதம். நம் ஆர்டரில் இருக்கும் பெராக்சைடையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆபத்தான சரக்கே இல்லை. 8 முதல் 20 வரை யு.என். எண் (ஐ.நா. பட்டியலில் சரக்குக்குக் கொடுத்திருக்கும் நான்கு இலக்க எண்) 2984. 20 முதல் 60 வரை யு.என். 2014. 60-ஐத் தாண்டினால் யு.என். 2015, அதற்கான கட்டுப்பாடுகள் மிகக் கடுமையானவை. பெயர் ஒன்றுதான், சரக்கு நான்கு. அசிட்டிக் ஆசிட்டும் அப்படித்தான். 80 சதவீதத்துக்கு மேல் யு.என். 2789, அரிக்கும், தீயும் பிடிக்கும். 80-க்குக் கீழே வந்தால் யு.என். 2790, அங்கே தீப்பிடிக்கும் ஆபத்துக்கான துணை லேபிள் கிடையாது. சதவீதம் எழுதாத பர்ச்சேஸ் ஆர்டர் வந்தால் போனைப் போட்டுக் கேளுங்கள். “வழக்கமா வாங்கறதுதான் சார்” என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பெயர் ஒன்று, தரம் வேறு என்பதால் வந்த வினைக்கு மணலியிலேயே உதாரணம் உண்டு. உரத்துக்கு என்று காட்டி இறக்குமதியான அம்மோனியம் நைட்ரேட்டை, வெடிபொருள் தரம் என்று சொல்லி 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. ஏறத்தாழ 700 டன், மணலிக் கிடங்கிலேயே கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான் ஊர் விழித்தது. அந்த மாதமே கன்டெய்னர் கன்டெய்னராக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

2. எம்.எஸ்.டி.எஸ்.ஸில் 14-ஆம் பகுதி

தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தகவல் தாள் இது. இப்போது எஸ்.டி.எஸ். என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் கோடவுனில் எல்லோரும் எம்.எஸ்.டி.எஸ். என்றே சொல்கிறார்கள். மொத்தம் 16 பகுதிகள். நமக்கு வேலை 14-இல். யு.என். எண், போக்குவரத்துப் பெயர், வகை, துணை ஆபத்து, பேக்கிங் குரூப் ஐந்தும் அங்கே இருக்க வேண்டும். அப்புறம் 10-ஐப் படியுங்கள், எது எதோடு சேரக் கூடாது என்பது அங்கே இருக்கும். 9-இல் அடர்த்தியும் ஃப்ளாஷ் பாயின்டும் (திரவத்தின் ஆவி தீப்பற்றக்கூடிய குறைந்தபட்ச வெப்பநிலை) கிடைக்கும். சிந்தினால் என்ன செய்வது என்பது 6-இல்.

புதிதாக வருபவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். கூகுளில் முதலில் கிடைக்கிற தாளை எடுப்பது ஒன்று. அது வேறு கம்பெனியின், வேறு சதவீதத்தின் தாளாக இருக்கும். தயாரிப்பாளரிடமிருந்து நேரே வாங்குங்கள், தேதியையும் பாருங்கள். இன்னொன்று, 2-ஆம் பகுதியில் உள்ள சிவப்புக் கட்டம் போட்ட படங்களைப் போக்குவரத்து லேபிள் என்று நினைத்துக்கொள்வது. அவை கையாளுகிறவருக்கான எச்சரிக்கை. ஆச்சரியக்குறிப் படம் இருக்கிற எத்தனையோ பொருளுக்குப் போக்குவரத்தில் வகையே இல்லை. லாரிக்கான லேபிள் 14-ஐப் பார்த்துத்தான்.

14-ஆம் பகுதி காலியாக இருந்தாலோ ‘கட்டுப்பாடு இல்லை’ என்று இருந்தாலோ உடனே நம்பிவிட வேண்டாம். ஃப்ளாஷ் பாயின்ட் 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே என்றால் அந்தத் திரவம் பொதுவாக வகை 3. உள்ளூரில் கலந்து விற்கிற தின்னர், கிளீனிங் சால்வென்ட் இவற்றின் தாள்களில் இந்தக் குளறுபடி நிறைய.

3. ஒன்பது வகை

மனப்பாடம் செய்ய வேண்டாம், சுவரில் ஒட்டிவைத்தால் போதும். 1 வெடிபொருள், அதற்குள் ஆறு பிரிவு. 2 வாயு: தீப்பிடிப்பது, தீயும் நஞ்சும் இல்லாதது, நஞ்சு என்று மூன்று. 3 தீப்பிடிக்கும் திரவம். 6-இல் நஞ்சும் தொற்றுப் பொருளும். 7 கதிரியக்கம், அது உங்கள் மேசைக்கு வராது, வந்தால் உடனே மேலே சொல்லுங்கள். 8 அரிக்கும் பொருள். 9-இல் மற்ற எந்த வகையிலும் அடங்காதவை, லித்தியம் பேட்டரி இங்கேதான்.

நிதானமாகப் படிக்க வேண்டியவை 4-ம் 5-ம். வகை 4-க்குள் மூன்று வேறு வேறு குணங்கள் இருக்கின்றன. 4.1 எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள். 4.2 தானாகவே சூடேறித் தீப்பிடிப்பது. 4.3 தண்ணீர் பட்டால் எரியும் வாயு விடுவது. மாம்பழம் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோகிறார்களே, அந்த கார்பைடு கல் இந்த வகைதான். நம் ஹைட்ரோஸ் 4.2, யு.என். 1384. ஈரம் ஏறினால் உள்ளுக்குள்ளேயே சூடாகும், கந்தக நெடியோடு புகையும், கவனிக்காவிட்டால் தீ. வகை 5.1 தானாக எரியாது, ஆனால் ஆக்ஸிஜனைக் கொடுத்துப் பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும். பெராக்சைடு இங்கே வரும், துணை ஆபத்தாக 8-ம் உண்டு.

துணை ஆபத்தை விட்டுவிடாதீர்கள். மெத்தனால் வகை 3, கூடவே 6.1. குளோரின் சிலிண்டர் 2.3, கூடவே 5.1-ம் 8-ம். ஒரு லேபிள் மட்டும் ஒட்டிவந்த மெத்தனால் டிரம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

பேக்கிங் குரூப் என்பது ஆபத்தின் அளவு. 1 என்றால் மிக அதிகம், 3 என்றால் குறைவு. எண் சின்னதாக இருந்தால் ஆபத்தும் சின்னது என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. நம் நான்கு சரக்கும் குரூப் 2.

4. கேனைத் திருப்பிப் பாருங்கள்

தரமான டிரம்மிலும் கேனிலும் அடிப்பக்கமோ தோள்பக்கமோ ஒரு வட்டத்துக்குள் ‘யு’, ‘என்’ என்ற இரண்டு எழுத்து, பக்கத்தில் ஒரு நீண்ட கோடு அச்சாகியிருக்கும். தூசியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். தொடக்கத்தில் உள்ளது என்ன வகைப் பொதி என்பது. 1-இல் தொடங்கினால் டிரம், 3-இல் தொடங்கினால் கேன், 4 என்றால் பெட்டி. அடுத்த எழுத்து எதனால் செய்தது என்பது: ‘ஏ’ இரும்பு, ‘எச்’ பிளாஸ்டிக், ‘ஜி’ அட்டை.

அதற்குப் பிறகு எக்ஸ், ஒய், இசட் மூன்றில் ஓர் எழுத்து வரும். எக்ஸ் இருந்தால் எந்தக் குரூப் சரக்கையும் ஊற்றலாம். ஒய் என்றால் குரூப் 2, 3. இசட் என்றால் 3 மட்டும். அந்த எழுத்தை ஒட்டி ஒரு தசம எண் வரும், பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். திரவத்தின் அடர்த்தி எவ்வளவு வரை இந்தக் கேனைச் சோதித்திருக்கிறார்கள் என்பது அது. ஒய் 1.4 என்று போட்ட கேனில் 50 சதவீத பெராக்சைடு போகலாம், அதன் அடர்த்தி சுமார் 1.2. அதே கேனில் 98 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட்டை ஊற்றக் கூடாது, அதன் அடர்த்தி 1.84, அதுவும் குரூப் 2. ஊற்றிய அன்று ஒன்றும் ஆகாது. வளைவில் திரும்பும்போது, மேல் அடுக்கின் பாரத்தில், அடிக் கேன் பிதுங்கும்.

கோட்டின் பின்பகுதியில் தயாரித்த ஆண்டு இருக்கும். பிளாஸ்டிக் டிரம்மும் கேனும் ஆபத்தான சரக்குக்குப் பொதுவாக 5 ஆண்டு வரைதான். 55 சதவீதத்துக்கு மேற்பட்ட நைட்ரிக் ஆசிட்டுக்கு 2 ஆண்டு. பழைய கேனைக் கழுவி மறுபடி நிரப்பும் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வெளுத்துப்போய், விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று இருக்கும் கேனை ஆண்டு பார்க்காமலே ஒதுக்கிவிடலாம்.

கிளம்பிய பிறகு கசிவைச் சரிசெய்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்குக் கொழும்புக் கடலில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 25 டன் நைட்ரிக் ஆசிட் இருந்தது. ஒரு கன்டெய்னர் கசிவது வழியிலேயே தெரிந்துவிட்டது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹஜிராவிலும் அதை இறக்க வழி கிடைக்கவில்லை. 2021 மே 20-இல் தீப்பிடித்து, ஜூன் 2-இல் கப்பல் மூழ்கத் தொடங்கியது. இலங்கைக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. கசிகிற பொதியை நடுவழியில் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அதைத் தடுக்கிற இடம் உங்கள் கோடவுன் வாசல்தான்.

பெராக்சைடு கேனுக்கு ஒரு தனிக் குறிப்பு. மூடியின் நடுவில் பொடித்துளையோடு ஒரு வென்ட் இருக்கும். பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஆக்ஸிஜனை விட்டுக்கொண்டே இருப்பதால், அந்த வாயு வெளியேற வழி வேண்டும். கேன் சாய்ந்திருந்தால் வென்ட்டில் ஈரம் கசியும். அதைப் பார்த்த லோடுமேன் நல்லெண்ணத்தோடு பாலிதீன் கவரைச் சுற்றி டேப் ஒட்டிவிடுவார். ஏப்ரல், மே வெயிலில் அந்தக் கேன் பலாப்பழம் மாதிரி உப்பும், பிறகு வெடிக்கும். ஒட்டிய டேப்பைப் பிரித்து, கேனை நிமிர்த்தி வையுங்கள்.

5. லேபிளும் பலகையும்

ஒவ்வொரு பொதியிலும் வகை லேபிள், 100 மில்லிமீட்டர் பக்கமுள்ள வைர வடிவம். மேல் பாதியில் படம், கீழே வகை எண். துணை ஆபத்துக்கும் தனி லேபிள். யு.என். எண்ணும் பெயரும் பக்கத்தில் தெளிவாக இருக்கட்டும். பழைய சரக்கின் லேபிளைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதை ஒட்டாதீர்கள். மழையில் மேல் லேபிள் உரிந்தால் பழையது பொய் சொல்லும்.

வண்டிக்கு அவசரத் தகவல் பலகை. 134-ஆம் விதிப்படி இரண்டு பக்கவாட்டிலும் பின்புறமும் தெரிய வேண்டும். சரக்கின் சரியான பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 250 மில்லிமீட்டர் பக்கமுள்ள வகை லேபிள், அவசர உதவி எண், விவரம் தெரிந்தவரின் பெயரும் போன் எண்ணும். அந்தப் போன் எண் ஆபீஸ் லேண்ட்லைனாக இருந்தால் பயன் இல்லை. ராத்திரி 2 மணிக்கு எடுக்கிற ஆளின் எண்ணாக இருக்க வேண்டும்.

பலகைகளில் ‘3ஒய்இ’ மாதிரி ஒரு குறியும் பார்ப்பீர்கள். அது ஹாஸ்கெம் கோடு, தீயணைப்பு வீரருக்கானது. பெட்ரோலுக்கு இதுதான். 3 என்றால் நுரை அடி. ஒய் என்றால் பொருள் வெடித்துச் சீறலாம், மூச்சுக்கருவி அணி, சாக்கடையில் ஓடவிடாமல் தடுத்து நிறுத்து. கடைசி ‘இ’, அக்கம்பக்கத்து மக்களை வெளியேற்றுவதைப் பற்றி யோசி என்பது. மூன்றே எழுத்தில் இவ்வளவு இருப்பதால்தான், போன வாரச் சரக்கின் பலகையோடு வண்டியை இன்று அனுப்புவது பெரிய தப்பு. வேறு சரக்கு ஏற்றினால் பலகையை மாற்று. வெறும் வண்டியாக, கழுவி முடித்த பிறகு ஓடினால் எடுத்துவிடு.

6. யார் பக்கத்தில் யார்

இப்போது நம் ஆர்டருக்கு வருவோம்.

பெராக்சைடு ஆக்ஸிஜனைக் கொடுக்கிற பொருள். ஹைட்ரோஸ் ஆக்ஸிஜனுக்கு ஏங்குகிற பொருள். ஒரு கேன் கசிந்து ஒரு டிரம்முக்குள் இறங்கினால் தீக்குச்சி தேவையில்லை. பெராக்சைடும் காஸ்டிக்கும் சேர்ந்தால் பெராக்சைடு வேகமாகச் சிதைந்து சூடும் வாயுவும் கிளம்பும். பெராக்சைடும் அசிட்டிக் ஆசிட்டும் சேர்ந்தால் பெர்அசிட்டிக் ஆசிட் உருவாகும், அது இரண்டையும்விட மோசம். ஆக பெராக்சைடுக்குத் தனி வண்டி, பேச்சே இல்லை.

அசிட்டிக்கும் ஹைட்ரோஸும் சேர்ந்தால் சல்ஃபர் டைஆக்சைடு வாயு வரும். அசிட்டிக்கும் காஸ்டிக்கும் இரண்டுமே வகை 8, முதன்மை லேபிள் ஒன்றே, ஆனால் ஒன்று அமிலம், ஒன்று காரம், கலந்தால் கொதிக்கும். லேபிள் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகச் சேர்த்து அடுக்குவது புதியவர்கள் அதிகம் செய்கிற தப்பு. அசிட்டிக்கை நாளை அந்தப் பக்கம் போகிற ஃபார்மிக் ஆசிட் லோடோடு அனுப்புங்கள்.

மிஞ்சியது ஹைட்ரோஸும் காஸ்டிக் ஃப்ளேக்ஸும். உலர்ந்த நிலையில் இவற்றுக்குள் பெரிய சண்டை இல்லை, சாயப்பட்டறையில் ஒரே தொட்டியில்தான் போடுகிறார்கள். ஆனால் ஈரம் பட்டால் ஃப்ளேக்ஸ் சூடாகும், அந்தச் சூடு ஹைட்ரோஸுக்கு ஆகாது. காஸ்டிக் முன்பக்கம், ஹைட்ரோஸ் பின்பக்கம், நடுவில் 3 மீட்டர் இடம், மேலே ஓட்டை இல்லாத இரட்டைத் தார்ப்பாய். கப்பல் விதியில் 4.2-க்கும் 8-க்கும் சொல்லும் குறைந்தபட்சத் தூரமும் அதுதான். நம் சாலை விதியில் இவ்வளவு விரிவான அட்டவணை இல்லை. நல்ல கம்பெனிகள் ஐ.எம்.டி.ஜி. அட்டவணையையும் எம்.எஸ்.டி.எஸ்.ஸின் 10-ஆம் பகுதியையும் வைத்தே முடிவெடுக்கின்றன, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஒரு லாரி வாடகை மூன்றாகிறதே என்று வாடிக்கையாளர் கத்துவார். கத்தட்டும்.

இதே கணக்கில் இன்னும் சில ஜோடிகள்: ஹைப்போகுளோரைட்டும் எந்த ஆசிட்டும், ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போகும் சோடியம் சல்ஃபைடும் ஆசிட்டும் (சல்ஃபைடில் ஆசிட் சேர்ந்தால் வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, சில மூச்சில் ஆளைச் சாய்க்கும்), சயனைடும் ஆசிட்டும், நைட்ரிக் ஆசிட்டும் எந்த சால்வென்ட்டும். உணவுப் பொருள், மாட்டுத் தீவனம் இவற்றோடு வகை 6.1-ஐ ஏற்றவே கூடாது.

7. வண்டி, டிரைவர், காகிதம்

வண்டியின் எஃப்.சி., இன்ஷூரன்ஸ், பர்மிட் பாருங்கள். சைலன்சரில் தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், 129ஏ விதி கேட்கிறது. பிறகு லாரியின் தளத்தைப் பாருங்கள். நம் லாரிகளில் பெரும்பாலும் பலகைத் தளம். அதில் பழைய எண்ணெய்க் கறை, வைக்கோல், கோணிச் சாக்கு, டீசல் துணி கிடக்கும். அதன் மேல் பெராக்சைடு சொட்டினால் போதும், சில மணி நேரத்தில் புகையும். கூட்டிச் சுத்தம் செய்யாமல் ஏற்றாதீர்கள். பெராக்சைடுக்கு இரும்புத் தளம் உள்ள வண்டியாகவோ கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரித்ததாகவோ கேட்டு வாங்குங்கள்.

டிரைவரின் லைசென்ஸில் ஆபத்தான சரக்கு ஓட்ட அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு 9-ஆம் விதியில் சொன்ன 3 நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும், ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்த அனுமதி 3 ஆண்டு செல்லும், முன்பு ஓர் ஆண்டுதான். காலாவதித் தேதியைப் பாருங்கள். அனுமதி உள்ள டிரைவர் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டோல்கேட் தாண்டியதும் வேறு ஆள் ஸ்டியரிங் பிடிப்பதும் நடக்கிறது. டிரைவரின் போட்டோ ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்வாய்ஸ், ஈ-வே பில், எல்.ஆர். உங்களுக்குத் தெரிந்தவை. இவற்றோடு ட்ரெம் கார்டு: சரக்கின் பெயர், ஆபத்து, பாதுகாப்பு உடை, சிந்தினால், தீப்பிடித்தால், உடம்பில் பட்டால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரே தாளில். இதை டிரைவர் கேபினிலேயே வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. ஆங்கிலத்தில் பிரின்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். தமிழிலோ இந்தியிலோ, டிரைவர் எதைப் படிப்பாரோ அதில் கொடுங்கள். கொடுத்த பிறகு, “அண்ணே, கண்ணுல பட்டா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். “தண்ணி ஊத்துவேன்” என்றால் பாதி சரி. குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், அதற்கு வண்டியில் அவ்வளவு தண்ணீர் கேன் இருக்க வேண்டும்.

8. ஏற்றுவதும் ஓட்டுவதும்

மூடி மேலே பார்க்க, இடைவெளி இல்லாமல், கயிறும் கட்டையும் கொடுத்து அடுக்குங்கள். டிரம்மை உருட்டித் தள்ளி டயர் மேல் விழவைக்கிற பழைய முறையை விட்டுவிடுங்கள். திரவத்தை விளிம்பு வரை நிரப்பக் கூடாது, வெயிலில் விரியும்.

வழியில் லிப்ட் கேட்பவரை ஏற்றக் கூடாது. நம் லாரிக்காரர்கள் ஸ்டவ் வைத்து லாரி நிழலிலேயே சமைப்பது வழக்கம், இந்த லோடில் அது கூடாது என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். டீக்கடைக் கூட்டத்துக்கு நடுவில், பள்ளிக்கூட வாசலில் நிறுத்தக் கூடாது. நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, வாசலில் காத்துக் கிடக்காதபடி நேரத்தைக் கணக்குப் போடுங்கள்.

சின்ன அளவு என்றால் ஆம்னி பஸ் பார்சலில் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பயணிகளின் காலுக்குக் கீழே 5 லிட்டர் ஆசிட் போவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ரயிலிலும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 26-இல் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள்.

9. ஏதாவது ஆகிவிட்டால்

டிரைவர் செய்ய வேண்டியது: வீடுகளிலிருந்து தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ட்ரெம் கார்டை எடுத்துக்கொண்டு, காற்று வரும் திசையில் போய் நிற்பது. 112-ஐக் கூப்பிடுவது. 136-ஆம் விதிப்படி பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் உடனே சொல்வது. வருகிற தீயணைப்பு வீரரிடம் முதலில் யு.என். எண்ணைச் சொல்வது.

கூட்டத்தைத் தள்ளி வைப்பதுதான் கடினம். 2017 ஜூனில் பாகிஸ்தானின் பஹவல்பூர் அருகே கவிழ்ந்த டேங்கரிலிருந்து பெட்ரோல் பிடிக்க ஓடியவர்கள் 200 பேருக்கு மேல் கருகிப்போனார்கள். 2025 ஜனவரி 3-இல் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தபோது சுற்றுப்புறத்தை அடைத்தார்கள், பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

சிறு சிந்தலுக்கு லாரியில் மணல் மூட்டை இருக்கட்டும். நம் ஆட்களுக்கு எதைச் சிந்தினாலும் மரத்தூள் போடுகிற பழக்கம். பெராக்சைடு மேலும் நைட்ரிக் ஆசிட் மேலும் மரத்தூள் போட்டால் அதுவே எரிபொருள். ஹைட்ரோஸ் சிந்தினால் தண்ணீர் தெளித்துக் கூட்டாதீர்கள், உலர்ந்தபடியே அள்ளி, உலர்ந்த டிரம்மில் போட்டுத் தனியாக, திறந்த வெளியில் வையுங்கள். புகைய ஆரம்பித்துவிட்டால் கொஞ்சத் தண்ணீர் தெளிப்பது தீயை வளர்க்கும். பக்கத்தில் இருப்பதை நகர்த்திவிட்டு தீயணைப்புத் துறைக்கு விடுங்கள்.

10. காலி கேன் திரும்பி வரும்போது

சரக்கு இறங்கியதும் காலி டிரம், கேன்களை அதே லாரியில் ஏற்றிவிடுவார்கள். கழுவாத காலிக்குள் ஆவியும் மிச்சமும் இருக்கும். விதியின் பார்வையில் அது இன்னும் அதே வகைச் சரக்குதான், அதே லேபிள், அதே பிரிப்பு. மூடி போட்டுத்தான் வர வேண்டும், பெராக்சைடு காலியும் ஹைட்ரோஸ் காலியும் ஒன்றாக வரக் கூடாது. சால்வென்ட் காலி டிரம்மை வெல்டிங் பட்டறைக்கோ, தண்ணீர் பிடிக்க வீட்டுக்கோ கேட்பவர்கள் கோடவுனிலேயே இருப்பார்கள், கொடுக்காதீர்கள். எண்ணி வாங்கி, பதிவேட்டில் எழுதி, பழைய பழுப்பு கேன்களைப் பிரித்துத் துளை போட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டும் அனுப்புங்கள்.